சடுகுடுக் களத்தில் எழுவர்



சென்னை வானொலி நிலையம் காமராசர் சாலையில், கடலுக்கு அருகே அமைந்திருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டுக் கலங்கரை விளக்கத்தைக் கடந்து தெற்கே சிறிது தொலைவு நடந்தால் நொச்சிக்குப்பம் வந்துவிடும். மயிலாப்பூரின் கடலோரத்தில், தலைமுறை தலைமுறையாக மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் மக்களின் ஊர் அது. காலையில் அங்கே சென்றால் கரையேறிய படகுகளையும், வலையிலிருந்து மீன் பிரிக்கும் கைகளையும் காணலாம். மீன் விற்கும் பெண்களின் உரத்த குரலைக் கேட்கலாம். மாலையில் காட்சி மாறிவிடும். வெயில் தணிந்த மணலில் காலாலேயே கோடு கிழித்து, சிறுவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து சடுகுடு ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் மாலை அந்த ஆட்டத்தை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். அணியை நடத்திய இளைஞன் அவனை இடப்பக்க மூலையில் நிற்கச் சொல்லியிருக்கிறான். "அண்ணே, நான் பாடப் போறேன். மூலையில நிக்க மாட்டேன். அங்க நின்னா யார் என்னப் பாப்பாங்க?" என்பது அவனுடைய வழக்கு. பக்கத்தில் படகின் நிழலில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிராமலே ஒரு கேள்வி கேட்டார்: "பெரிய வலை இழுக்கும்போது எல்லாரும் மடிகிட்டப் போய் நின்னா, மீன் நிக்குமாடா?"

சிறுவன் பதில் சொல்லவில்லை. மூலைக்குப் போய் நின்றான். ஆனால் அவன் கேட்டது பொருளற்ற கேள்வி அன்று. ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஓர் இடம் என்று வகுப்பது எதற்காக? அந்த இடத்தில் நிற்பவருடைய கடமை யாது? எல்லாருடைய கண்ணும் ஒருவர் மேலேயே பதிந்திருக்கும்போது, மற்ற அறுவர் அங்கே என்ன செய்கிறார்கள்? இவற்றையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

முதலில் களத்தைத் தெரிந்துகொள்வோம். சடுகுடு என்று நாம் வழங்கும் ஆட்டம் இன்று உலகெங்கும் கபடி என்னும் பெயரால் அறியப்படுகிறது. நம் தமிழ்நாட்டின் மாநில விளையாட்டும் அதுவே. விதிமுறைப்படி ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பெண்களுக்கான களம் இதைவிடச் சற்றுச் சிறியது. களத்தை நடுக்கோடு ஒன்று இரு கூறாகப் பிரிக்கிறது. ஆகவே ஓர் அணியின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியின் ஆழம் 6.5 மீட்டர்தான். இரு பக்கங்களிலும் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கு 'லாபி' எனப்படும் பட்டை உண்டு. எதிரியைத் தொட்டோ பிடித்தோ மோதல் தொடங்கிய பின்னரே அந்தப் பட்டைக்குள் கால் வைக்கலாம். அதைக் கழித்துவிட்டால் தொடக்கத்தில் ஆடுவதற்கு எஞ்சும் அகலம் 8 மீட்டர். இந்தச் சிறிய பரப்பில் ஏழு பேர் நிற்கவேண்டும். அணியில் மொத்தம் 12 பேர் இருப்பர், களத்தில் இறங்குபவர் எழுவர், ஏனையோர் மாற்றாட்டக்காரர்.

நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் உள்ளே பால்க் கோடு என்னும் கோடு செல்கிறது. அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் பின்னெல்லைக்கும் இடையே 1.75 மீட்டர் அகலமே இருக்கிறது. ஒரு வளர்ந்த மனிதன் படுத்தால் நிறைந்துபோகும் அளவு. இந்தக் குறுகிய பட்டையில்தான் ஆட்டத்தின் பெரும் பகுதி முடிவாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அணியிலிருந்து ஒருவர் 'கபடி, கபடி' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கம் நுழைகிறார். இவரை நம் ஊர்களில் பாடி வருபவர் என்பார்கள். அரங்குகளில் 'ரைடர்' என்பார்கள். இவருக்குக் கொடுக்கப்படும் காலம் 30 விநாடி. அதற்குள் இவர் எதிரிகளில் ஒருவரையோ பலரையோ தொட்டுவிட்டு, பாட்டை விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பவேண்டும். எவரையும் தொட இயலாவிட்டால் பால்க் கோட்டையாவது கடந்து மீளவேண்டும், இல்லையேல் ஆட்டமிழப்பார். எதிர்ப்பக்கத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது, ஒரு காலை போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறு காலை அந்தரத்தில் தூக்கிக் காட்டிவிட்டு மீண்டால், யாரையும் தொடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். இவ்வளவும் பாடி வருபவருடைய தொழில். ஒருவர் எழுவரை எதிர்த்துச் செல்வதால் பார்ப்பவர் நெஞ்சம் இயல்பாகவே அவர் பக்கம் சாய்கிறது. அதில் வியப்பில்லை.

இனி, அந்த ஒருவரை எதிர்கொண்டு நிற்கும் எழுவரைப் பார்ப்போம். இடம், வலம் என்று நான் சொல்லும்போது அவை பிடிப்போரின் நோக்கில் சொல்லப்படுபவை. பாடி வருபவர் எதிர்முகமாக நிற்பதால் அவருடைய வலக்கைப் பக்கம் இவர்களுடைய இடப்பக்கமாகும்.

இடப்பக்கக் கடைசியில் நிற்பவர் இடது கார்னர். அவரை அடுத்து இடது இன். அவரை அடுத்து இடது கவர். நட்டநடுவில் நிற்பவர் சென்டர். பின்பு அதே வரிசை திரும்புகிறது: வலது கவர், வலது இன், வலது கார்னர். இப்பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆயினும் கடற்கரை மணலிலும் கிராமத்துப் பொட்டலிலும் நம் பிள்ளைகள் நாவில் இவை தமிழ்ச் சொற்களைப்போலவே பழகிவிட்டன. மூலை என்று சொன்னாலும் கார்னர் என்று சொன்னாலும் எல்லாருக்கும் விளங்கும்.

மூலையில் நிற்பவருடைய கடமையை முதலில் கூறுகிறேன். போனஸ் கோட்டுக்கு அப்பால் கால் வைக்கவும், மூலையில் நிற்பவரைக் காலால் எட்டித் தொடவும் பாடி வருபவர் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே வருவார். அந்தக் கால் தரையில் ஊன்றும் கணத்தைக் கண்டு, பாய்ந்து, கணுக்காலை இரு கைகளாலும் பற்றுவது மூலைக்காரரின் தொழில். சற்று மேலே பற்றினால் அது தொடைப் பிடி. முன்னதாகப் பாய்ந்தால் கால் இன்னும் வரவில்லை. பின்னதாகப் பாய்ந்தால் கால் போய்விட்டது. ஆகவே மூலைக்காரருக்கு வேண்டிய முதற்பண்பு பொறுமை. வலிமை அதற்கு அடுத்ததே.

கவர் என்பவர் நடுவுக்கும் பக்கத்துக்கும் இடையே நிற்பவர். பாடி வருபவர் திரும்பி ஓடும் வழியை அடைப்பது இவருடைய கடமை. குறுக்கே உடலை நிறுத்தித் தடுப்பதை 'பிளாக்' என்றும், தோளாலும் மார்பாலும் மோதி எல்லைக்கு வெளியே தள்ளுவதை 'டேஷ்' என்றும் கூறுவர். மூலைக்காரர் ஒரு காலைப் பிடித்துவிட்டார் என்றால், மறு கணமே இடுப்பைக் கட்டி ஆளை நிறுத்தவேண்டியவர் கவர்தான். ஒரு காலை மட்டும் பிடித்திருப்பவரால் நீண்ட நேரம் நிறுத்திவைக்க இயலாது. பாடி வருபவர் விழுந்தபடியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார்.

இன் எனப்படுபவர் மூலைக்காரரின் கையைப் பிடித்து நிற்கும் துணைவர். மூலைக்காரரின் கண் எதிரியின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிரியின் கையையும் உடல் திரும்பும் திசையையும் கவனித்து, பிடித்த கையின் அழுத்தத்தாலேயே 'இப்போது பின்வாங்கு, இப்போது நில்' என்று உணர்த்துபவர் இவர். அணியின் தேர்ந்த பாடகர்களைப் பெரும்பாலும் இன் இடங்களிலும் சென்டர் இடத்திலுமே நிறுத்துவார்கள். அடுத்த முறை எதிர்ப்பக்கம் செல்லவேண்டியவர்கள் அவர்கள் என்பதால், தேவையின்றி அவர்கள் ஆட்டமிழக்கக் கூடாது.

சென்டர் என்பவர் நடுவில் நின்று இரு பக்கத்தையும் இணைப்பவர். அவர் அசையாமல் நின்றால் எதிரியின் கைக்கு எளிதாகச் சிக்குவார். மிகவும் பின்வாங்கினால் சங்கிலி அறுந்துபோகும். எழுவரும் கைகோத்து நிற்கும் முறைகள் பல உண்டு. ஒரு பக்கம் கார்னரும் இன்னும் இருவராக, நடுவில் சென்டரும் இரு கவர்களும் மூவராக, மறுபக்கம் மீண்டும் இருவராக நிற்பது மிகவும் பழகிய முறை. இதனை இரண்டு மூன்று இரண்டு என்பார்கள்.

இடங்களின் பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் பெயர்களைப் படித்தால் மட்டும் ஆட்டம் விளங்கிவிடாது. இடங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குகின்றன என்பதைக் காணவேண்டும். அதற்கு அந்த நொச்சிக்குப்பத்து முதியவர் சொன்ன பெரிய வலையையே எடுத்துக்கொள்வோம்.

மற்ற ஊர்களில் கரைவலை எனப்படும் பெரிய வலையை விடும் முறை இது. ஒரு கயிற்றின் முனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு, படகு கடலுக்குள் செல்லும். கயிறு முடிந்ததும் வலையின் ஒரு கை, அதன் பின் மீன் சென்று தங்கும் பை போன்ற மடி, அதன் பின் மறு கை என்று வரிசையாக நீரில் இறக்கிக்கொண்டே அரைவட்டமாகச் சுற்றி, இரண்டாவது கயிற்றின் முனையைக் கரையில் வேறோர் இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். பின்பு இரு குழுவினர் இரண்டு கயிற்றையும் ஒரே சீராக இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு குழுவும் ஒன்றை ஒன்று நெருங்கிவரும். ஒரு பக்கத்தார் அவசரப்பட்டு விரைந்து இழுத்தால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும். மடியில்தான் மீன் சேருகிறது என்பது உண்மை. ஆனால் அதை மடிக்குச் சேர்ப்பவர்கள் இரு முனையிலும் நிற்பவர்கள்.

சடுகுடுக் களத்தில் எழுவர் விரிக்கும் வலையும் ஏறக்குறைய இத்தகையதே. பாடி வருபவர் நம் இடப்பக்கத்தை நோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கார்னரும் இடது இன்னும் மெல்லப் பின்வாங்குகிறார்கள். பயந்து அன்று, அவரை ஆழத்துக்கு இழுப்பதற்காக. அதே நேரத்தில் வலப்பக்கத்தார் நடுக்கோட்டை நோக்கி முன்னேறுகிறார்கள். அரைவட்டமாக நின்ற சங்கிலி இப்போது பாடி வருபவரின் முதுகுப்புறத்தையும் வளைக்கத் தொடங்குகிறது. அவர் ஓரடி ஆழமாக எடுத்துவைத்தால் அவர் திரும்பவேண்டிய தொலைவு ஓரடி கூடுகிறது. அதே வேளையில் திரும்பும் வழியும் குறுகுகிறது. அவர் காலை நீட்டும் கணத்தில் கார்னர் பிடிக்கிறார். கவர் குறுக்கே பாய்கிறார். வலது பக்கத்தார் நடுக்கோட்டை மறைத்து விழுகிறார்கள். மூன்று விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவதோ மணலில் குவிந்த ஒரு மனிதக் குவியல்தான். அந்தக் குவியலுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை.

பிடிப்பதற்கும் வரம்பு உண்டு. கை, கால், உடல் ஆகியவற்றைத்தான் பிடிக்கலாம். தலைமயிரையோ உடையையோ பற்றக் கூடாது; பாட்டை நிறுத்துவதற்காக வாயை மூடவோ கழுத்தை நெரிக்கவோ கூடாது. வலிமையை அனுமதிக்கும் இந்த ஆட்டம் கொடுமையை அனுமதிப்பதில்லை.

இப்போது இந்த ஆட்டத்தின் கணக்கை உற்றுப் பாருங்கள். இங்கேதான் மிகவும் சிந்திக்கத்தக்க ஒன்று இருக்கிறது. பாடி வந்தவரை மூவர் சேர்ந்து பிடித்தால் அணிக்குக் கிடைப்பது ஒரு புள்ளி. ஐவர் சேர்ந்து பிடித்தாலும் ஒரு புள்ளியே. ஆனால் அந்தப் பிடி தோற்று, அவர் இழுத்துக்கொண்டுபோய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைத் தொட்ட அத்தனை பேரும் ஆட்டமிழப்பார்கள். மூவர் தொட்டிருந்தால் எதிரிக்கு மூன்று புள்ளி. ஐவர் என்றால் ஐந்து புள்ளி.

இதன் பொருள் என்ன? மூலைக்காரர் ஒரு காலைப் பிடித்துத் தவிக்கும்போது, கவர் ஒதுங்கி நின்றால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆட்டமிழப்பவர் மூலைக்காரர் ஒருவரே. கவர் பாய்ந்து கைகொடுத்தாலோ, பிடி தோற்றால் அவரும் வெளியே போகவேண்டும். உதவி செய்பவர் உதவி பெறுபவரின் இடரைத் தாமும் ஏற்றுக்கொள்கிறார். வென்றால் அவருக்கென்று தனியாக ஒரு புள்ளி இல்லை. தோற்றால் அவருக்கென்று தனியாக ஓர் இழப்பு உண்டு. இத்தனை கடினமான கணக்கு இருந்தும் நல்ல கவர் ஒருவர் கணமும் தயங்குவதில்லை. தாம் தயங்கினால் பிடி தோற்பது உறுதி என்பதை அவர் அறிவார். அவர் பாய்வார் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் மூலைக்காரரும் துணிந்து காலைப் பற்றுகிறார். இடம் வகுத்து நிற்பது என்பதன் உட்பொருள் இந்த நம்பிக்கையே என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த நம்பிக்கையைக் கெடுப்பவர் ஒருவர் உண்டு. பிறர் கண்ணில் படவேண்டும் என்னும் ஆசையால் துணை வருமுன்னே தனியாகப் பாய்பவர் அவர். களத்தில் அவருடைய துணிவுக்குக் கைத்தட்டல் கிடைக்கும். எதிரிக்குப் புள்ளி கிடைக்கும். கோணலாக இழுத்த வலையில் மீன் தப்புவதைப்போல, அவசரத்தில் ஆட்டம் தப்பிவிடுகிறது.

ஆட்டக்காரர் எண்ணிக்கை குறையும்போது இடங்களும் மாறுகின்றன. ஒருவர் ஆட்டமிழந்தால் உடனே மாற்றாள் வருவதில்லை. தம் அணி எதிரியில் ஒருவரை வீழ்த்தும்போதுதான், முதலில் வெளியேறியவர் முதலில் என்ற வரிசையில், ஒருவர் மீள்கிறார். எழுவர் நின்றபோது ஒவ்வொருவரும் காக்கவேண்டிய பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். மூவரே எஞ்சினால் ஒவ்வொருவர் பொறுப்பிலும் 17 சதுர மீட்டர் வந்துவிடுகிறது. அப்போது கார்னர், கவர் என்ற பெயர்கள் மட்டும் பயன்படா. மூலையில் நிற்பவரே கவரின் வேலையையும் பார்க்கவேண்டும். நடுவில் நிற்பவர் இரு பக்கத்துக்கும் ஓடவேண்டும். இந்நிலையில் மூவரோ அதற்குக் குறைந்தவரோ எதிரியைப் பிடித்துவிட்டால், வழக்கமான ஒரு புள்ளியோடு மேலும் ஒரு புள்ளி உண்டு. அதற்கு 'சூப்பர் டேக்கிள்' என்று பெயர். எழுவரும் ஆட்டமிழந்துவிட்டாலோ, எதிரணிக்கு 'லோனா' என்ற பெயரில் இரண்டு புள்ளிகள் கூடுதலாகச் சேரும். தம் இடத்தின் கடமையை மட்டுமன்றி அடுத்தவர் இடத்தின் கடமையையும் அறிந்தவனே இத்தகைய நெருக்கடியில் அணிக்குப் பயன்படுவான்.

இடம் வகுக்கும் கலையை உலகில் வேறு சிலரும் நுட்பமாக வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் காற்பந்தை எடுத்துக்கொள்வோம். பெயர் காற்பந்தே ஆயினும், முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையாலேயே ஏந்தியும் எறிந்தும் ஆடுவது அது. களத்தில் பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். பந்தை முன்னேற்றுவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு வேறு குழு, பந்தை உதைக்கும் நேரங்களுக்கு மற்றொரு குழு என்று அங்கே ஆட்களே பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். முன்னேற்றும் குழுவின் தலைவர் போன்றவர் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் அவர். புகழும் பொருளும் அவரையே தேடி வருகின்றன. அவருக்கு முன்னே ஐந்து பருத்த மனிதர்கள் சுவராக நிற்பார்கள். நடுவில் நிற்கும் சென்டர் ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னே கொடுத்துத் தொடங்கிவைப்பார். மற்ற நால்வர் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே இருப்பதும் உண்டு. அவர்கள் வேலை, பாய்ந்து வரும் எதிரிகளைத் தடுத்துக் குவார்ட்டர்பேக்குக்குச் சில விநாடிகள் தேடிக்கொடுப்பதே. வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் எதிரி அவர் கண்ணுக்குப் படான். ஆகவே சுவரின் இடக்கோடியில் நிற்பவரை மிகவும் கவனித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தாம் காணாத பக்கத்தை மற்றொருவர் காக்கிறார் என்ற துணிவில்தான் அந்தத் தலைவர் பந்தை எறிகிறார்.

கடல் கடந்த அந்த ஆட்டத்துக்கும் நம் மணல் ஆட்டத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தாக்குபவர் வேறு, தடுப்பவர் வேறு. இங்கே அதே எழுவர்தாம் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். இப்போது பாடிவிட்டு வந்து கைத்தட்டல் பெற்றவர், அடுத்த அரை நிமிடத்தில் வரிசையில் நின்று இன்னொருவரின் கையைப் பிடிக்கவேண்டும். புகழுக்குரியவனும் துணைக்குரியவனும் ஒருவனே ஆகும் ஆட்டம் நம்முடையது.

இந்த ஆட்டம் நெடுந்தொலைவு பயணம் செய்திருக்கிறது. 1936ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, மகாராஷ்டிரத்தின் அமராவதியிலிருந்து சென்ற உடற்பயிற்சிக் கழகத்தார் இதனை ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990ஆம் ஆண்டு பீகிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் இது பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. அன்று முதல் ஆண்கள் பிரிவில் ஒவ்வொரு முறையும் இந்தியாவே தங்கம் வென்று வந்தது. 2018இல் ஜகார்த்தாவில் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஆண்கள் அரையிறுதியிலும் பெண்கள் இறுதியிலும் ஈரானிடம் தோற்றனர். ஈரானியர் பிடிப்பதில் வல்லவர்கள். அந்நாட்டின் ஃபசல் அத்ராச்சலி இடது மூலையில் நின்றே உலகப் புகழ் பெற்றவர். ஈரானியப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தவரோ நம் நாசிக் நகரத்துப் பெண்மணியான சைலஜா ஜெயின். நம்மிடம் கற்ற பாடத்தைக் கொண்டே நம்மை வென்றார்கள் என்றால் மிகையாகாது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் இந்தியா தங்கத்தை மீட்டது.

மூலையில் நின்று பெயர் பெற்றவர் நம்மிடமும் உண்டு. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் பிடிப்பதையே தம் கலையாகக் கொண்டவர். 2014இல் தொடங்கிய புரோ கபடித் தொடரில் நாற்பது வயதைக் கடந்த நிலையிலும் அவர் ஆடினார். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பையையும் வென்றார். அதே ஆண்டில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். கால் வேகம் குறையும் வயதிலும் மூலைக்காரர் பயன்படுவார். காலம் அறிந்து பிடிக்கும் பொறுமை வயதோடு வளரும் என்பதற்கு அவர் சான்று. சென்னையின் நீர்க்கரைகளிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்ட குடும்பங்கள் பல வாழும் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவோ, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத்தலைவியாக விளங்கினார். பெரிய வசதிகள் வேண்டாத ஆட்டம் இது. கோடு கிழிக்க ஒரு தரையும் கைகோக்க ஏழு பேரும் போதும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் ஆட்டம் பார்க்கச் செல்லும்போது ஒரு சிறு பயிற்சியைச் செய்து பாருங்கள். ஒரு முறை பாடி வருபவரைப் பார்க்காதீர்கள். அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கத்து மூலையில் நிற்பவரைப் பாருங்கள். அவர் எப்போது அடியெடுத்து முன்னே வருகிறார், யாருடைய கையை எப்போது விடுகிறார், எப்போது பாய்கிறார் என்று கவனியுங்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறு பார்த்துவிட்டால், உங்களுக்கு முன் நடப்பது ஒருவர் எழுவரிடம் காட்டும் சாகசம் மட்டும் அன்று என்பது புலப்படும்.

அன்று நொச்சிக்குப்பத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மூலையில் நின்ற சிறுவன் முதலில் இருமுறை அவசரப்பட்டுப் பாய்ந்து ஆட்டமிழந்தான். மூன்றாம் முறை அவன் காத்திருந்தான். உயரமான ஒருவன் பாடி வந்து, போனஸ் கோட்டுக்கு மேல் காலை நீட்டினான். அந்தக் கால் மணலில் பதிந்ததும் சிறுவன் அதைக் கட்டிக்கொண்டான். அவனுடைய எடை மிகச் சிறியது. உயர்ந்தவன் அவனையும் இழுத்துக்கொண்டே இரண்டடி நகர்ந்துவிட்டான். அதற்குள் கவரில் நின்றவன் குறுக்கே விழுந்தான். அவன் மேல் இன்னொருவன். பாட்டு நின்றது. குவியலுக்கு அடியிலிருந்து கடைசியாக எழுந்த சிறுவனின் முகமெல்லாம் மணல். பார்த்துக்கொண்டிருந்த எவரும் அவன் பெயரைச் சொல்லிக் கூவவில்லை. ஆனால் கவரில் விழுந்தவன் அவன் தோளைத் தட்டி, முகத்து மணலைத் தன் கையாலேயே துடைத்துவிட்டான்.

சிறுவன் மறுபேச்சின்றி மீண்டும் மூலைக்குச் சென்று, அடுத்தவன் கையைப் பற்றிக்கொண்டான். முதியவர் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார்.